நீலப் பாவாடை

எனக்கு எழுபத்திரெண்டு வயசு. அஞ்சு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவ. நேத்து பேத்தி கும்மிடிப்பூண்டி தையல் கம்பெனியிலேர்ந்து கோணல்மாணலான வெட்டுத்துணிகளைக் கொண்டாந்து, போர்வை தைக்கலாம்னு கொட்டினா. புதுத்துணி வாசனையில ஒரு நீலத்துண்டு கையில பட்டுது.

நான் மூணாங்கிளாஸ் படிக்கிறப்போ நடந்தது. அம்மா அண்ணனுக்குப் போர்வை தைச்சாங்க. பழஞ்சீலைக்குக் கத்தரி வைக்கமாட்டாங்க, கிழிஞ்ச வாக்கிலேயே ஒட்டுவாங்க. நடுவுல ஒரு ஓட்டை அடையவே இல்ல. பள்ளிக்கூடத்துக்கு நான் கட்டுற ஒரே நீலப் பாவாடையை எடுத்து வெட்டிட்டாங்க.

"நாளைக்கு இன்னாம்மா கட்டிக்கினு போவேன்?"

"நீ படிச்சு கலெக்டராவப் போறியா? ஊட்ல கெட."

அண்ணன் அதைப் போத்திக்கினு படிச்சான். நான் அதைத் துவைச்சேன். அம்மாவை இன்னும் மன்னிக்கல.

இதை எழுத்துக்கூட்டி நானே எழுதினேன். பேத்திக் கண்ணு, எல்லாருக்கும் உரக்கப் படிச்சுக் காட்டு. அம்மாவைச் சொன்ன எடத்தை மட்டும் முழுங்கிடாத.