பனிப் பிள்ளையாரும் மச்சாளின் செத்தல் மிளகாயும்

"...பின்னை என்ன? அவ்வளவு வெள்ளைக்காரரும் சுத்திவர நிண்டு பிள்ளையைப் பார்த்து ஆவெண்டவை. நாவூறு படாமல் விடுமோ? கமலி, செத்தல் மிளகாயை எங்கை வைச்சனீ?"

என் கணவரின் அக்கா, எங்கள் மச்சாள், என்னிடம் இப்படிக் கேட்டபோது என் மகள் ஆரணி கட்டிலில் துவண்டு கிடந்தாள். ஏழு வயது. காலையிலிருந்து இரண்டு தரம் சத்தி எடுத்துவிட்டாள். கன்னத்தில் தட்டினால் கண் அரைவாசி திறக்கும், உடனே மூடும். யன்னலுக்கு வெளியே மலை முழுக்க வெயில் பட்ட பனி. பிள்ளைக்கு மருந்து தேடாமல் மிளகாய் தேடுகிறாரே என்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

2012 மாசி விடுமுறை அது. இவர், என் கணவர், சமையல் வேலை செய்த உணவகத்தின் முதலாளி, அல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் இருந்த தன் சின்ன வீட்டை ஒரு கிழமைக்கு எங்களுக்கு விட்டார். பாரிஸில் விழுகிற பனி மத்தியானத்துக்குள் சேறாகிவிடும். உண்மையான பனியை நாங்கள் மூவரும் முதல்முதல் பார்க்கப் போகிறோம் என்று நான் சந்தோசப்பட்டு முடியவில்லை, பாரிஸ் புறநகர் லெ பிளாங்-மெனிலிலிருந்து மச்சாளின் தொலைபேசி: "நானும் வாறன்."

வந்தார். சோறு அவிக்கும் சட்டி, இரண்டு போத்தல் மிளகாய்த்தூள், ஒரு பை செத்தல் மிளகாய், வாய் எல்லாவற்றோடும் வந்தார். நான் சப்பாத்துப் போட்டால் பிழை, கழற்றினால் பிழை. "உன்ரை சம்பலிலை உப்பும் விடுமுறையிலை போட்டுதோ?" என்று கேட்பார். கம்பளிச் சால்வையைப் போகிற இடமெல்லாம் போட்டுவிட்டு, "என்ரை சால்வை எங்கை?" என்று வீட்டைப் பிரட்டுவார்.

ஆனாலும் முதல் மூன்று நாளும் நல்லாய்த்தான் இருந்தோம். எல்லோரும் பனியில் மனிதன் செய்ய, ஆரணியும் இவரும் பிள்ளையார் செய்தார்கள். துதிக்கைக்கு நீளமான கரட். வயிறு மட்டும் என் இடுப்பு உயரம். அயல் வீட்டுக்காரர் எல்லாம் வந்து பிள்ளையைப் பிள்ளையாரோடு வைத்துப் படம் எடுத்தார்கள். மச்சாளின் நாவூறு அங்கேதான் தொடங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குசினிச் சுவரில், வெந்நீர் கொதிக்கவைக்கும் காஸ் அடுப்புக்குக் கிட்ட, கம்பி போட்ட ஓர் ஓட்டை இருந்தது. அதாலே குளிர்காற்று ஊசிபோலக் குத்திக்கொண்டு வரும். மூன்றாம் நாள் பின்னேரம் கையில் அகப்பட்ட துணியை அதற்குள் திணித்து இறுக்கி அடைத்தேன். வீடு கதகதப்பாகிவிட்டது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாள் எல்லோருக்கும் தலையிடி. குளிர் பிடித்துவிட்டது என்றோம். பிள்ளைதான் எழும்பவே இல்லை. இவர் வைத்தியருக்குப் போன் அடித்தார். நாலு மணிக்குத்தான் வரமுடியும் என்றார்கள். அப்போது ஒரு மணி.

யன்னலடியில் நின்றேன். வெளியே பனிப் பிள்ளையார் கரட்டோடு இருந்தார். கும்பிட வேறு யாரும் கண்ணில் படவில்லை. "அப்பனே, என் பிள்ளை கண் திறக்க வேண்டும். அதோடு இந்த மனுசியின் வாயையும் ஒருக்கால் மூடிவிடு." இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்டேன். பொய் சொல்லவில்லை.

திரும்பினால் மச்சாள் கைநிறைய மிளகாயும் உப்பும் எடுத்து, பிள்ளையின் தலையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். "மச்சாள், மூண்டு மிளகாய் காணாதே? ஊரைக் கிளப்பிப் போடுவியள்!"

"பட்ட நாவூறு மூண்டுக்குக் கழியாது. நீ அங்காலை போ."

அவ்வளவையும் அடுப்பில் காய்ந்த தாச்சியில் கொட்டினார். ஐயோ, அந்த நெடி! கண் தெரியவில்லை, மூச்சு எடுக்க முடியவில்லை. புகை மணி அலறத் தொடங்கியது. இவர் இருமி இருமிப் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். நாங்களும் ஓடினோம். வெறுங்காலோடு பனிக்குள் நின்று நான் மச்சாளைத் திட்டாத திட்டில்லை.

அப்போது பிள்ளையாரடியில், இவர் மடியில், ஆரணி இருமினாள். பிறகு கண்ணை முழுதாகத் திறந்து, "அம்மா, சப்பாத்து எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

பக்கத்து வீட்டார் அழைத்து வந்த தீயணைப்புக்காரர் வாசலில் கால் வைத்ததுமே, அவர் இடுப்பில் இருந்த பெட்டி கீச்சிட்டது. மிளகாய்க்கு அல்ல. காற்றுப் போக வழியில்லாமல் காஸ் அடுப்பிலிருந்து வந்த, மணமே இல்லாத நச்சு வாயுவுக்கு. நாலு மணிவரை உள்ளே இருந்திருந்தால் வைத்தியர் கதவைத் தட்டத்தான் வந்திருப்பார், திறக்க ஆள் இருந்திருக்காது என்றார். அடிவார நகரத்து ஆஸ்பத்திரியில் ஓரிரவு ஒட்சிசன் வைத்தார்கள். மறுநாள் மகள் பாண் கேட்டுச் சாப்பிட்டாள்.

நான் வேலை செய்யும் பாரிஸ் லா சப்பல் மரக்கறிக் கடையில் சாமான் இறக்கும் அண்ணை சொல்லுவார்: "சாமி கேட்டதைத் தரும் தங்கச்சி, ஆனால் நீ சொன்ன கடையிலை வாங்கித் தராது." எனக்கு அது எரிச்சல் கடையில் வாங்கித் தந்தது. அன்றிலிருந்து பிரார்த்தனை செய்துவிட்டு, பதில் எந்த வாசலால் வரவேண்டும் என்று சொல்வதை விட்டுவிட்டேன். அடியார்களே, நீங்களும் மனதில் இருப்பதை இருந்தபடியே கேளுங்கள். தருவார். வீட்டில் காற்று வரும் ஓட்டையை மட்டும் அடைக்காதீர்கள்.

இனிச் சொல்வது இவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் இன்றுவரை அந்த ஓட்டையை அடைத்தது மச்சாள்தான். கலியாண வீடுகளில்கூட அதைச் சொல்லி அவரைப் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார். அடைத்தது நான். அடைத்த துணி, அவர் தேடிக்கொண்டிருந்த சால்வை.

அன்று அந்தத் தீயணைப்புக்காரர் சால்வையை உருவி எடுத்து வெளியே கொண்டுவந்து, இதை அங்கே வைத்தது யார் என்று கோபமாகக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டேன். மச்சாளுக்குப் பிரெஞ்சு தெரியாது. சால்வையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு வாய் இருந்தும் ஒரு சொல் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார்.