சிகாகோவில் திங்கட்கிழமை

மைசூர் பேருந்து நிலையத்தின் எஸ்.டி.டி. பூத்தில் காத்திருக்கிறேன். காலை எட்டரை மணி. கண்ணாடிக் கூண்டிலிருந்து ஒரு கொள்ளேகால் அம்மா கண்ணைத் துடைத்தபடி வெளியே வருகிறார். சிகாகோவில் இருக்கும் மகளுக்குச் சற்றுமுன்தான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

"அங்க இன்னும் திங்கக்கெழம ராத்திரிங்களாம். இங்க செவ்வாய் விடிஞ்சிருச்சு. செவ்வாயில பொறந்த பொண்ணுன்னா எங்கூட்டுல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. எதைங்க சொல்றது?" என்று என்னிடம் கேட்கிறார்.

"கொழந்த பொறந்த ஊர்ல என்ன கிழமையோ, அதுதாம்மா."

அவர் திரும்பவும் உள்ளே போய்க் கணவரை அழைக்கிறார். கதவைச் சாத்த மறந்துவிடுகிறார்.

"ஏனுங்க, பேத்தி பொறந்திருக்கறா. திங்கக்கெழமைங்க."

மறுமுனையில் கணவர் ஏதோ கேட்கிறார். அம்மாவின் குரல் உயர்கிறது.

"செவ்வாய் நமக்குத்தானுங்க. எம்புள்ள பகலெல்லாம் வலியில கெடந்தது திங்கக்கெழம!"