கரும்புக்குப் பாய்ந்த குளியல் உருண்டை

எங்கள் திருமண நாளுக்குச் சென்னையிலிருந்து என் தங்கை ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். உள்ளே பளபளக்கும் தாளில் சுற்றிய இளஞ்சிவப்பு உருண்டைகள். என்னவென்று புரியாமல் அவளுக்குப் போன் போட்டேன்.

“பாத் பாம்க்கா. பாத் டப்ல தண்ணி ரொப்பி இத உள்ள போடு. நுரைச்சிக்கினு கரையும். அப்படியே படுத்துக்கோ.”

கள்ளக்குறிச்சியில் எங்கள் குளியலறைக்குள் ஒரு மனிதர் படுக்க வேண்டுமானால் கதவைத் திறந்துவைத்துக் காலைச் சமையலறைப் பக்கம் நீட்ட வேண்டும். அவள் ஆசையாக அனுப்பியது. சரி என்று போனை வைத்தேன்.

என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். பெட்டியைப் பார்த்து, “குளிக்கிறதுக்கு எதுக்கு வெடி?” என்று சிரித்தார். மறுநாள் காலையில் அவரே ஓர் உருண்டையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு குளிக்கப் போனார். நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிற மனிதர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பக்கெட்டில் அது சீறிக்கொண்டு கரைவதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்த வாரத்துக்குள் பெட்டி காலியானது. பரிசு எனக்கும் சேர்த்து வந்தது என்பதை அவர் மறந்துவிட்டார்.

இன்னொரு பெட்டி வாங்கலாமென்று போனில் விலையைத் தேடியவர், போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, “நாமே செஞ்சா இன்னா?” என்றார். ‘நாமே’ என்றால் நான்.

வீடியோக்களில் பார்த்தால் சாமான் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆப்ப சோடா, எலுமிச்சை உப்பு, கொஞ்சம் மாவு, தேங்காய் எண்ணெய். அவர்கள் சோள மாவு போட்டார்கள். எங்கள் பக்கம் கல்வராயன் மலை மரவள்ளிக் கிழங்கு மாவு எளிதாகக் கிடைக்கும் என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். வாசனைக்கு ரோஜா அத்தர், நிறத்துக்குக் கேசரி பவுடர்.

மளிகைக்கடைக்காரர் சாமானைப் பார்த்துவிட்டு, “இவ்ளோ சோடா எதுக்குங்க? பஜ்ஜிக் கடை போடறீங்களா?” என்றார்.

“இல்லீங்க, பாம் செய்யப் போறோம்,” என்றார் என் கணவர் பெருமையாக. கடைக்காரர் கட்டிக்கொண்டிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

முதல் தடவை தண்ணீர் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. மாவு பாத்திரத்திலேயே பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. அடுத்த தடவை விரல் நுனியால் மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். இரண்டு குழிக்கரண்டிகளில் அடைத்து, ஒன்றோடொன்று அழுத்தினேன். உருண்டை வந்தது. காய்ந்த பிறகு உருண்டைகள் கேசரி நிறத்தில் கல்யாண வீட்டு லட்டு மாதிரியே இருந்தன.

செய்தாயிற்று, ஆனால் பக்கெட் இனிமேல் போதாதென்றார் அவர். முறைப்படி படுத்துத்தான் குளிக்க வேண்டுமாம். வடக்கனந்தலில் அவருடைய அக்காவின், அதாவது என் அண்ணியின், கரும்புக் கொல்லையில் பம்புசெட் தொட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அண்ணி கொல்லையின் மறுகோடியில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். இவர் சொல்லாமல் கொள்ளாமல் தொட்டிக்குள் இறங்கி, மல்லாந்து, மலையைப் பார்த்தபடி உருண்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒன்றே ஒன்றை நான் பையில் ஒளித்துவைத்தேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததை அவர் யோசிக்கவில்லை. நுரை அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வாய்க்கால் வழியே கரும்புக்குப் போய்விட்டது. அடுத்து அண்ணி மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

“டேய், இன்னாடா கலந்த தண்ணியில? வாய்க்கா பூரா நொரையா போய்க்கினு கீது!”

“குளிக்கிறதுக்குப் போட்டேங்க்கா.”

“உன் கடையில விக்காமக் கெடந்த மருந்தையெல்லாம் என் கொல்லையில ஊத்திப் பாக்கறியா? கரும்பு பட்டுப் போச்சின்னா ஆலைக்கு இன்னாத்த ஏத்தி அனுப்பறது? மொதல்ல எழுந்து வெளிய வா!”

அவர் எழுந்தார். தண்ணீர் நிறத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. வெள்ளைப் பனியன் சாமியார் நிறத்தில் இருந்தது.

“அண்ணி, வெறும் சோடாவும் எலுமிச்ச உப்பும்தான். நானேதான் செஞ்சேன்,” என்று பையிலிருந்த உருண்டையை நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். கோபம் தணியவில்லை, ஆனால் உருண்டையைத் திருப்பித் தரவில்லை.

சாயங்காலம் அண்ணி தன் வீட்டு வாசலில் ஒரு பழைய அலுமினிய அன்னக்கூடையில் வெந்நீர் ஊற்றி, உருண்டையைப் போட்டு, பித்தவெடிப்பு பிளந்த இரண்டு கால்களையும் உள்ளே வைத்தார். சீறல் அடங்கும்வரை கால்களை வெளியே எடுக்கவேயில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்கச் சேற்றில் நிற்கிற கால்கள் அவை. சும்மா இருந்து அன்றுதான் பார்த்தேன்.

“வலி கம்மியான மாதிரி கீதும்மா,” என்றார் கடைசியில். “அடுத்த தபா ஜாஸ்தியா செஞ்சி எடுத்துக்கினு வா. அவன் கண்ல காட்டாத.”

கரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் பழையபடி சோப்புக்குத் திரும்பிவிட்டார். நான் இன்றும் அண்ணிக்காக உருட்டிக்கொண்டிருக்கிறேன். கலர் துணியில் ஒட்டுகிறதென்று கேசரி பவுடரை நிறுத்தச் சொன்னார். ரோஜா வாசனை தலைவலி என்று அத்தரை நிறுத்தச் சொன்னார். வெடிப்புக்கு நல்லதென்று இப்போது வேப்பெண்ணெய்தான் போடுகிறேன். அந்த வாடையோடு உருண்டைகள் காயும் நாட்களில் என் கணவர் மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்கே அனுப்பச் சொல்லிவிடுகிறார்.