படகு போகாத நாட்கள்

சமையலறையிலிருந்து சரக் சரக்கென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. பொன்னி, தான் கொண்டுவந்த கொடுவா மீனுக்குத் தானே செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவளை ஏன் வேலை வாங்குகிறாய் என்று மனைவியிடம் கேட்க ஜெகதீசனுக்கு வாய் வரவில்லை. முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பொன்னி மேசைமேல் வைத்துவிட்டுப் போன அவளுடைய வீட்டுப் பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கிற கஷ்டத்துல இதெல்லாம் எதுக்கு பொன்னி?" என்றாள் சம்பூர்ணம்.

"கஸ்டம் வந்தா மீனு துன்னக் கூடாதா அண்ணி? கொடுவான்னா அண்ணனுக்கு உசுராச்சே."

சம்பூர்ணம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஜெகதீசனின் நெஞ்சுக்குள் ஊசியாக இறங்கியது.

செங்கல்பட்டில் தொழில் கடன் வாங்க நினைப்பவர்கள் முதலில் தேடி வருவது அந்த முன்னறையைத்தான். திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பி.காம். படித்து, ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இளமையெல்லாம் தேய்ந்த மனிதர் அவர். பிறகு சொந்தமாக ஒரு பிரிண்டர் வாங்கிப் போட்டு, புராஜெக்ட் ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தார். அரிசி மில், மாமல்லபுரத்துக் கல் அறுக்கும் மெஷின், கடலோர விடுதி என்று எத்தனையோ. 'ஜெகதீசன் எழுதுன ரிப்போர்ட் பேங்க்ல திரும்பாது' என்று ஊரே சொல்லும். ஆடிட்டர் ஆக முடியாமல் போன வேதனைக்கு அந்தப் பேச்சுதான் மருந்து.

அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு பழக்கம் இருந்தது. இனி வரும் வருடங்களில் தொழில் கொடுக்கப்போகும் பணத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி, போட்ட முதலைக் கழித்தால் மிஞ்சுவது என்.பி.வி. அது பூஜ்யத்துக்கு மேலே நின்றால் தொழில் தேறும். அதோடு பேங்க் விடாது. விலை குறைந்தால்? கூலி ஏறினால்? ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பத்து சதவீதம் கெடுத்துப் பார்த்து, அப்போதும் நிற்கிறதா என்று ஒரு கட்டம் போட்டுக் காட்டச் சொல்லும். ஜெகதீசன் அந்தக் கட்டத்தைத் தனியாக முதலில் போட்டுப் பார்ப்பார். எந்த வரி பூஜ்யத்துக்குக் கீழே போய்ச் சிவப்பாகிறதோ அந்த வரியைத் தூக்கிவிடுவார். நிற்கிற வரிகள் மட்டும் பேங்குக்குப் போகும்.

பொன்னியும் அவள் கணவன் ராஜேந்திரனும் செங்கல்பட்டிலிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டுபோய் மாமல்லபுரத்துக்குத் தெற்கே படகுக்காரர்களுக்கு விற்றவர்கள். கரையிலேயே சொந்தமாக ஒரு ஐஸ் ஃபேக்டரி என்பது அவர்கள் கனவு. ஜெகதீசன் கட்டம் போட்டார். ஐஸ் விலை குறைந்தாலும் நின்றது. கரண்ட் பில், மெஷின் விலை, கூலி எது ஏறினாலும் நின்றது. 'படகு போகும் நாட்கள்' என்ற வரியைப் பத்து சதவீதம் குறைத்ததும் என்.பி.வி. சரிந்து சிவப்பில் விழுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு புயல் சின்னம் வந்தால் படகெல்லாம் நாள்கணக்கில் மணலில் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் அந்த வரியை அழித்தார். கடன் பாஸானது. அன்றிலிருந்து பொன்னிக்கு அவர் அண்ணன்.

அதன்பின் வந்த இரண்டு மழைக்காலமும் படகுகளைக் கரையிலேயே கட்டிப் போட்டன.

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி பொன்னி முன்னறைக்கு வந்தாள்.

"பத்திரத்த பாத்துட்டீங்களாண்ணா? வூட்ட வெச்சாதான் ரெண்டாவது லோனு குடுப்பாங்களாம். ஒரு குளிர் ரூமு கட்டிட்டா, விக்காத ஐஸும் மீனும் கெடாம கெடக்கும். நீங்க எழ்திட்டா போதும், நான் கண்ண மூடிகினு கையெழுத்து போட்ருவேன்."

"ராஜேந்திரன் வரலையா?"

"அத்த ஏன் கேக்கறீங்க." பொன்னி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மூஞ்சி குட்து பேசி மாசக்கணக்காவுது. என் வாயி சும்மா இல்ல. 'எது கொறஞ்சாலும் தாங்கும்னு அண்ணன் கட்டம் போட்டு குட்துகீறாரு. அப்பவும் நஷ்டம்னா நீ எங்கியோ காச வுடுற'ன்னு கேட்டுட்டேன். பீடிகூட தொடாத மனுசன். அவரப்போய் குடிச்சிகீறியான்னு ஊதிக் காட்டச் சொன்னேண்ணா."

"ஊதுனாரா?"

"ஊதுனாரு. காலைல துன்ன வெங்காய வாசனதான் வந்துச்சி." சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. "அன்னியிலேர்ந்து ஃபேக்டரிலயே படுத்துக்கறாரு. வூட்டுக்கு வர்றதில்ல."

ஜெகதீசன் பத்திரத்தைத் தள்ளி வைத்தார். ஒரு நல்ல மனிதனைக் குடிகாரனாக்கி, திருடனாக்கி, கட்டிய மனைவியின் முன்னால் வாயை ஊத வைத்தது யார்? இந்த மேசையில் உட்கார்ந்து அழித்த ஒரு வரி அல்லவா? இப்போது மறுபடி எழுதினால் அந்த வீடும் போய்விடும். எழுத மறுத்தால் ஏன் என்று கேட்பாள்.

பழைய ரிப்போர்ட்டைத் திறந்தார். அழித்த வரியை மறுபடி தட்டினார்.

"இந்தச் செவப்பு இன்னாண்ணா?"

"படகு போற நாள் கொஞ்சம் கொறஞ்சாக்கூட உங்க ஃபேக்டரி நிக்காதுன்னு அர்த்தம். அன்னிக்கே எனக்குத் தெரியும் பொன்னி. நான்தான் எடுத்துட்டேன். உங்க மேலயும் தப்பில்ல, அவர் மேலயும் தப்பில்ல. இந்த வூட்ட வெச்சிடாதீங்க. குளிர் ரூம் கட்டினாலும் படகு போனாத்தான் மீனு."

சமையலறைச் சத்தம் நின்றுபோயிருந்தது. சம்பூர்ணம் நிலைப்படியில் நின்றாள்.

பொன்னி திரையையே பார்த்தாள். கடனைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ அவள் முதலில் கேட்கவில்லை.

"அப்போ அந்த மனுசன் காச வுடல."

"இல்ல."

"என் மனசுக்குத் தெரியும். ஆனா கட்டம் வேற மாரி சொல்லிச்சே." அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "எதுக்கு எடுத்தீங்கோ?"

எத்தனையோ காரணம் சொல்லியிருக்கலாம். பேங்க் கேட்கிற முறை அப்படி, எல்லோரும் செய்வதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஜெகதீசன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "என் ரிப்போர்ட் திரும்பி வரக்கூடாதுன்னு."

அதைக் காதால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்று அவருக்கே தெரிந்தது.

பொன்னி எழுந்தாள். பத்திரத்தை மடித்துப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பையைப் புடவைக்குள் அணைத்துக்கொண்டாள்.

"இத்த அவருகிட்ட நீங்களே வந்து சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாரு."

"இப்பவே கூட வர்றேன்."

"வேணாம். நாளைக்கு வாங்க. இன்னிக்கு மொதல்ல நான் மன்னிப்பு கேக்கணும்."

"ஒரு வாய் சாப்டுட்டுப் போ பொன்னி," என்றாள் சம்பூர்ணம்.

"பஸ்ஸு போயிடும் அண்ணி. கொழம்புல புளி கம்மியா ஊத்துங்க."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் ஒருமுறை திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று ஜெகதீசன் காத்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"வரேன் சார்," என்றாள்.

செருப்புச் சத்தம் தெருமுனையில் தேயும்வரை சம்பூர்ணம் வாசலிலேயே நின்றாள். பிறகு கணவரின் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள்.