லாண்டரியம்மாவின் மூன்றாவது தொடக்கம்

துணி காய்ந்துவிட்டது என்று இயந்திரம் விளக்கெரித்துச் சொன்னாலும் லாண்டரியம்மா நம்பமாட்டார். ஒன்றை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, “ம், இன்னும் கொஞ்சம்” என்று திரும்ப உள்ளே திணிப்பார். பேச வந்தவரின் சட்டையையும் விட்டுவைப்பதில்லை. பத்திரிகைக்கு உங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்று நான் போய் நின்றபோது, “எழுதுங்க, எழுதுங்க. முதல்ல பாக்கெட்ல இருக்கற பேனாவை வெளில எடுங்க, மை கசியுது” என்றார்.

என் அச்சகத்துக்கு நேர் எதிரே ஒரு தகரக் கொட்டகை. அதை வாடகைக்குப் பிடித்து, துவைத்து உலர்த்தும் ஒரே ஒரு பெரிய சலவை இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வயது அறுபதை நெருங்குகிறது. இது அவருக்கு மூன்றாவது தொழில். முதலில் சீருடை தைக்கும் கடை. அது காலூன்றியதும் தங்கை கையில் கொடுத்துவிட்டார். அடுத்தது மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடம். அது இப்போது மகனிடம் அமோகமாக ஓடுகிறது. காலை நீட்டி உட்காரவேண்டிய வயதில் இந்த அம்மா ஏன் தகரத்துக்கடியில் வேகவேண்டும் என்று தெருவே கேட்கிறது. நானும் கேட்டேன்.

“நடக்கத் தெரிஞ்ச பிள்ளை இடுப்புல நிக்குமா? எனக்குக் கைக்குழந்தை ஒண்ணு இருந்துகிட்டே இருக்கணும். இல்லேன்னா கை என்ன பண்றதுன்னு தெரியாம தவிக்குது.”

நல்ல பதில்தான், ஆனால் முழுப் பதில் இல்லை. மீதியை அவருடைய தங்கை சொன்னார். மகன் புது இயந்திரங்கள் வாங்கிப் போட்டிருக்கிறான். அவற்றில் சோப்புக் கரைசல் குழாய் வழியே தானாக வந்துவிடும். அது தெரியாமல் அம்மா பழைய பழக்கத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு குவளை சோப்புத்தூளை அள்ளிப் போட்டுவிட்டார். நுரை பொங்கித் தரையெல்லாம் வழிந்து வேலையே நின்றுபோனது. மகன் கோபிக்கவில்லை. “அம்மா, நீங்க மேல ஆபீஸ்ல உக்காருங்க. ஏசி போட்டிருக்கேன்” என்றான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அங்கேயே இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். மேலே போய் உட்கார்ந்தார். ஆபீஸ் கண்ணாடிக்குக் கீழே எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பெற்ற பிள்ளைக்கும் வேண்டாம், கட்டிய கூடத்துக்கும் வேண்டாம் என்றால் மனுஷி எங்கே போவாள்?

கொட்டகை திறந்ததிலிருந்து மகன் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அம்மாவே போட்டிக்குக் கிளம்பிவிட்டாள் என்று நாலு பேர் அவன் காதில் ஓதியிருக்கிறார்கள். இவரோ அவனுடைய வாடிக்கை ஒன்றைக்கூடத் தொடவில்லை. தெருக்காரர்களின் போர்வையும் திரைச்சீலையும்தான் வருகின்றன. அதை வைத்துக்கொண்டு வாடகைக்கே இழுபறி. “பெரிய இடம் ஒண்ணு அமைஞ்சா நிமிர்ந்துருவேன். இல்லேன்னா மேல ஏசிதான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பெரிய இடம் போன வாரம் தானாகவே வந்தது. மகனுக்குத் துணி போடுகிற மருத்துவமனையின் வேன் கொட்டகை வாசலில் நின்றது. ஓட்டுநர் மூட்டைகளை இறக்கிவைத்து, மேலாக இருந்த விரிப்பை விரித்துக் காட்டினார். வெளுத்து வந்த விரிப்புதான், ஆனால் நடுவில் பழுப்பாக ஒரு ரத்தக்கறை.

“அங்க இப்பல்லாம் இப்படித்தாங்க வருது. இனிமே எல்லாத்தையும் உங்ககிட்டயே போடச் சொல்லிட்டாங்க தலைமை நர்ஸம்மா.”

லாண்டரியம்மா கறையைக் கட்டைவிரலால் சுரண்டினார். மூட்டைகளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று அவர் மனசு எண்ணுவது எதிரே நின்ற எனக்குத் தெரிந்தது. பிறகு விரிப்பைக் கறை உள்ளே போகும்படி மடித்து, மூட்டைக்குள் செருகி, முடிச்சை இறுக்கினார்.

“எல்லாத்தையும் அவன்கிட்டயே கொண்டுபோங்க. ரத்தம் பட்டதை முதல்ல பச்சைத் தண்ணில ஊறப்போடச் சொல்லுங்க. எடுத்ததுமே சுடுதண்ணில விட்டா அப்படியே பிடிச்சுக்கும்.” முடிச்சை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். “நான் சொன்னேன்னு சொல்லவேண்டாம். நர்ஸம்மா சொன்னதாவே இருக்கட்டும்.”

“அப்ப உங்களுக்கு?” என்றார் ஓட்டுநர்.

லாண்டரியம்மா ஒரு மூட்டையைத் தூக்கி வேனுக்குள் வைத்தார். வேன் கிளம்பியதும் உள்ளே போனார். முடிதிருத்தும் கடையிலிருந்து அன்று வந்திருந்த நாலே நாலு துண்டுகளை எடுத்து, அந்தப் பெரிய இயந்திரத்துக்குள் ஒவ்வொன்றாக உதறிப் போட்டுக் கதவைச் சாத்தினார்.