மடியில் இரண்டு பாட்டில்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர், அந்த வெயிலிலும் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். மடியில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஒன்றின் அடியில் செம்மண் கனமாகப் படிந்திருந்தது, இன்னொன்றில் லேசாக.

"கேப்பர் மலை சரிவுல எங்க கொல்லைங்க சார். மழைக்கு ஓடுன தண்ணியப் புடிச்சேன். மண்ணு ஜாஸ்தியா இருக்கறது மச்சானோடது, இது என்னுது. நடுவுல ஒரு வரப்புதான்."

பிரான்சில் பண்ணை வேலை பார்த்துத் திரும்பியவராம்.

"அங்க ஓடையோரம் புல்லு விடலன்னா மானியத்துல கை வெச்சிடுவாங்க. இங்க வரப்பு போட்டா மானியம் உண்டு, போடலன்னா ஏன்னு கேக்க ஆளில்ல. மண்ணு ஓடாம இருக்கட்டும்னு நானே ஓரத்துல புல்லு விட்டேன்."

"மச்சான் என்ன சொல்றார்?"

"புல்லு வெவசாயம் பண்றான்னு சிரிச்சாரு. இப்ப இந்த ரெண்டு பாட்டிலையும் சிதம்பரத்துல அவரு கடைக்கே எடுத்தாரச் சொல்லிட்டாரு."

போன மழைக்குப் பிறகு அந்த வழியாகப் போனேன். கேப்பர் மலைச் சரிவில், ஒரு வரப்புக்கு இரண்டு பக்கமும் கொல்லையோரம் பச்சையாகப் புல் நின்றது. அவர்களுடையதுதானா, தெரியாது. ஆனாலும் பஸ்ஸிலிருந்து கையசைத்தேன்.