விரதத்தில் போட்ட மாத்திரை

என் வீட்டுக்காரருக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மூட்டை ஏற்றுகிற வேலை. 2007-இல் இடுப்பு பிடித்துக்கொண்டது. செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், ஐந்து நாள்தான் என்றார். வயிறு எரிந்தால் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்.

மாத்திரைக்கு வலி கேட்டது. மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்பி வந்தது. காலி அட்டையைக் காட்டினால் மெடிக்கலில் கொடுத்துவிடுவார்கள். வாங்கிக்கொண்டே இருந்தார்.

கார்த்திகை பிறந்ததும் மலைக்கு மாலை போட்டார். மாலை போட்டுவிட்டால் பெண்டாட்டியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். விடியற்காலையில் குளியல், பாயில் படுக்கை, மத்தியானம் ஒருவேளைச் சோறு. மழைக்காலம். தரையின் ஈரம் இடுப்பில் ஏறியது. மாத்திரையை விடவில்லை.

"சாமி, வெறும் வயித்துல போடுறீங்களே."

"டீ குடிச்சாச்சு இல்ல."

"டீ சாப்பாடா?"

"மாத்திரைக்கு அது போதும்."

இரண்டு இட்லி வைத்தேன். விரதத்துக்கு ஆகாது என்று தள்ளிவிட்டார். ராத்திரிக்கு ஒரு வாழைப்பழம், மாத்திரை. நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பார். கேட்டால் கேஸ் என்பார். போகப்போக நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. முகம் வெளுத்தது. உதடும் வெளுத்தது.

ஒரு நாள் காலை கக்கூஸிலிருந்து வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கருப்பாப் போவுது."

"எப்பலேந்து?"

"ரெண்டு மூணு நாளா. தார் மாதிரி. கீரையா இருக்கும்."

"கீரையே ஆக்கலியே சாமி."

உடனே பக்கத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, மாத்திரையை நிறுத்துங்கள், உடனே சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். கூட மூட்டை தூக்குகிறவர் வேன் பிடித்து வந்தார்.

"இன்னா சாமி, மலைக்குன்னு பார்த்தா இப்பவே வேன் ஏறிட்டீங்க."

இவர் சிரிக்கவில்லை. வழியில் செம்மங்குப்பம். கம்பெனி நாற்றம் உள்ளே வந்தது. தினமும் அந்த நாற்றத்தைத் திட்டுகிற மனுஷன் அன்று மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. அதைப் பார்த்ததும் வேனை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

சிதம்பரத்தில் ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பிழைப்பாரா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே. சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்த டாக்டரம்மா மாலையைப் பார்த்தார்.

"சாமி, மாத்திரைய வெறும் வயித்துல போடணும்னு ஐயப்பன் சொன்னாரா?"

"இல்லீங்க."

"வயித்துல புண்ணு. அதுலேந்துதான் ரத்தம்."

"காலி அட்டையக் காட்டித்தான் வாங்குனாரு. இனிமே சாப்பிட்டுட்டே போடுறாரும்மா," என்றேன்.

"சாப்பிட்டுப் போட்டாலும் நாள் ஜாஸ்தியானா புண்ணு வரும். வயித்துக்குன்னு தனியா மாத்திரை இருக்கு. அது வேணுமான்னு டாக்டர்தான் சொல்லணும். காலி அட்டைக்கு அதெல்லாம் தெரியாது. இவர் இனிமே இந்த மாதிரி வலி மாத்திரைய டாக்டரக் கேக்காம தொடவே கூடாது."

மற்ற சாமிகள் இருமுடி கட்டிய அன்று இவர் கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு கோயிலில் மாலையைக் கழற்றினார்.

இடுப்பு வலி போகவில்லை. டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார். அந்த அளவுக்குக் கேட்காது, தாங்கிக்கொள்கிறார். வேன் பிடித்து வந்த அந்தக் கூட்டாளி ஒரு நாள் வீட்டுக்கே வந்து சட்டைப் பையிலிருந்து பழைய வலி மாத்திரை அட்டையை எடுத்தார்.

"ஒண்ணு போடு மச்சான். சும்மா பறந்துடும்."

"யாரு? நானா?" என்றார் இவர். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறு வருஷம் மலைக்குப் போய் வந்தார். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே விரதம் இருந்தார். எனக்குத்தான் இன்னும் பயம் தெளியவில்லை. காலையில் அவர் கக்கூஸ் கதவைத் திறந்து வெளியே வரும்போது முகத்தையே பார்ப்பேன். அவருக்குத் தெரியும்.

"மஞ்சதான், போ," என்பார்.

அதற்கப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.